ஒற்றைப்படை

காலை பத்திலிருந்து இரவு பதினொன்றுவரை
எனக்கு ஒரே கேள்விதான்:
எத்தனை பேர்?

விரல்களால் பதில் சொல்வார்கள்.
நாலு. ரெண்டு. ஆறு.
ஈரி ஏரிக் காற்றில் யார் குரலும் நிற்காது,
தலைக்கு மேலே தண்டவாளம் வேறு
பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருக்கும்.
முன்பு டொலிடோவில் பள்ளிப் பேருந்து ஓட்டினேன்.
அப்போதும் தலை எண்ணுகிற பிழைப்புதான்.

வரிசைக்கு இரண்டு இருக்கை, வண்டிக்குப் பதினான்கு வரிசை.
எனக்கு வேண்டியது மூன்று பேராய் வரும் குடும்பம்:
அப்பாவும் மகளும் முன்னால், அம்மா பின்னால்,
அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு காலி இடம்.
அந்த இடத்துக்கென்றே
இடதுபுறம் ஒரு குறுகல் சந்து வைத்திருக்கிறோம்.
கூரை இல்லை, மின்விசிறி இல்லை.
பலகையில் 'தனியாக ஏறுவோர்' என்றிருக்கும்.
எங்களுக்குள் அது ஒண்டிக்கட்டைச் சந்து.

பெரிய வரிசையில் தொண்ணூறு நிமிடம்.
சந்தில் பதினைந்து.
விலை: உடன் வந்தவரை விட்டுவிட வேண்டும்.

விட்டுவிடுகிறார்கள், சிரித்துக்கொண்டே.
டேட்டனிலிருந்து வந்த ஓர் இளைஞன்
அன்று காலைதான் மோதிரம் போட்டவளை
யாரோ ஒரு பல் மருத்துவரோடு நான்காம் வரிசையில் அனுப்பிவிட்டுக்
கடிகாரத்தைப் பார்த்தான்.

சனிக்கிழமை மாலை மார்ஜெனா வந்தாள்.
பெயர் தெரியக் காரணம் அந்தப் பையன்.
அம்மா என்று கூப்பிடவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.
பதிமூன்று இருக்கும்.
அப்பாவின் புது மனைவி என்று ஊகித்தேன்,
ஊகிக்க இங்கே நேரத்துக்கா பஞ்சம்.
இருவரும் சந்து வழியாகவே வந்தார்கள்,
நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடைவெளி விட்டு.

அந்நேரம் பார்த்து ஒரு வரிசை முழுசாகக் காலியானது.
அளவுகோலுக்குத் தலை எட்டாத ஒரு சின்னப் பெண்
அழுதபடி தன் மாமாவோடு திரும்பிப் போனாள்.
"சேர்ந்தே ஏறலாமே" என்றேன்.
மார்ஜெனா வாய் திறப்பதற்குள்
அவன் முந்திக்கொண்டான்: "நாங்கள் தனித்தனி."

சந்தின் விதிப்படி அவன் சொன்னதுதான் சரி.
அவளை ஏற்றினேன்.
பின்னால் நின்ற ஈரக் காலுறைக்காரரை அவளருகே உட்காரவைத்தேன்.

பையன் மஞ்சள் கோட்டில் நின்றான், அடுத்த வண்டிக்கு.
வந்தது. நாலு, ரெண்டு, நாலு, ஆறு.
அதற்கடுத்ததும் அப்படியே.
உலகமே ஜோடி போட்டுக்கொண்டு வந்து நிற்கும்
சில அரைமணி நேரங்கள் உண்டு,
அதை எந்தப் பலகையிலும் எழுதுவதில்லை.
ஐந்து வண்டிகள் போயின.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வெளியேறும் படி.
அங்கே நின்றாள்,
ஒரு கையில் அவன் தொப்பி,
மறு கையில் இரண்டு எலுமிச்சைச் சாறு, பனிக்கட்டி உருகிக்கொண்டு.
ஒவ்வொரு வண்டி திரும்பும்போதும்
இருபத்தெட்டு முகங்களையும் துழாவினாள்.
நான் பார்த்தேன். பையனும் பார்த்தான்,
பார்க்காததுபோல.

மிச்சம் பிடித்த நேரத்தையெல்லாம்
அவள் அந்தப் படியில் செலவழித்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவது வண்டிக்கு ஒரே நிறச் சட்டையில் ஒரு கூட்டம்.
ஏழு விரல் உயர்ந்ததும் எனக்கே மூச்சு வந்தது.
பருத்த அத்தை ஒருத்தி அவனுக்கு இடம் விட்டு ஒதுங்கினாள்,
சூயிங்கம் நீட்டினாள்.
கம்பியை இறக்கிச் சரிபார்க்கக் குனிந்தேன்.
"திரும்பவும் வந்து," என்றான் என் காதருகே,
"ரெண்டு பேராக நின்றால் எவ்வளவு ஆகும்?"

"தொண்ணூறு நிமிடம்.
அந்தப் பக்கம் நிழல் உண்டு."

வண்டி நகர்ந்துவிட்டது.
தலையாட்டினானா, சங்கிலி கொளுவிய உலுக்கலா,
தெரியவில்லை.
அடுத்தவர்கள் வந்து நின்றார்கள்.

எத்தனை பேர்?